வடசென்னைக் கானாவும் சாதியற்றோர் பாடற்குழுவும்

இசையை விரும்பாதார் உலகில் இலர். எனினும், எல்லா இசையும் எல்லாரிடத்தும் ஒப்ப மதிக்கப்பெறுவதில்லை. ஒரு பாட்டு அரங்கேறுகின்றது. மற்றொரு பாட்டு தெருவிலேயே நின்றுவிடுகின்றது. ஒன்றனைக் கட்டணஞ் செலுத்திக் கேட்கின்றனர். மற்றொன்றனை முகஞ்சுளித்துக் கேட்கின்றனர். இவ்வேறுபாடு பாட்டின் இயல்பால் வந்ததோ, அன்றிப் பாடுவாருடைய குடிப்பிறப்பால் வந்ததோ என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாகவும், திருவள்ளூர், திருநின்றவூர், ஆவடி வழியாகவும் சென்னைக்குச் செல்லும் மின்சார இரயில் வண்டிகளில் ஏறியிறங்கும் மாணவர் அனைவரும் கானா என்னும் பாட்டைக் கேட்டிருப்பர். வண்டியின் தகரச் சுவரே அதற்கு முழவு. பத்து விரல்களே கோல்கள். ஒருவன் பாட, சூழ நின்றவர் எதிரெடுத்துப் பாடுவர். பயணஞ் செய்யும் முதியோர் அதனைத் தொல்லையென்பர். தமிழ் பயிலும் மாணவராகிய யாமோ, அதனைப் பாட்டென்று எண்ணி ஆராய்ந்தவர் அல்லோம். இக்கானாவை முதலாகக் கொண்டு 2017-ஆம் ஆண்டில் ஒரு பாடற்குழு எழுந்தது. அதன் வரலாற்றையும், அது நம்மனோர்க்கு உணர்த்துவதனையும் எமக்கு இயன்ற அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கானா யாது?

கானா என்பது பாட்டு என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லினின்று வந்ததென்பர். இச்சொல் தமிழில் வழங்குதல் வியப்பன்று. வடசென்னை துறைமுகத்தை அடுத்த நிலம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய இடங்களில் மீனவர், மூட்டை சுமப்பார், ஆலைத் தொழிலாளர், கைவண்டி இழுப்பார் எனப் பலவகை உழைப்பாளரும் செறிந்து வாழ்ந்தனர். தமிழும், தெலுங்கும், உருதுவும் ஒரே தெருவில் ஒலித்தன. இராயபுரத்தில் வாழ்ந்து அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் ஞானப்பாடல்களும், சித்தர் பாடல்களும் அம்மக்களிடையே வழங்கின. கானாப் பாடகர் சிலர் மஸ்தான் சாகிபைத் தம் முன்னோருள் ஒருவராகவே எண்ணுவர். இவ்வாறு பலவும் கலந்த நிலத்தில் விளைந்த பயிர் கானா ஆகும்.

கானாவில் மிகவும் தொன்மை வாய்ந்ததாகக் கருதப்படுவது மரண கானா. ஒருவர் இறந்துபட்டால், அன்றிரவு முழுவதும் பிணத்தருகே அமர்ந்து பாடுவது வழக்கம். இறந்தவர் யாவர், என்ன தொழில் செய்தார், எவரை விட்டுச் சென்றார் என்பனவற்றைப் பாடகன் அவ்விடத்திலேயே பாட்டாக்குவான். யாக்கை நிலையாமை, பசி, நட்பு, காதல் ஆகியவை இடையிடையே வந்து கலக்கும். ஏடும் இல்லை; எழுத்தும் இல்லை. நம் பண்டைப் புலவர் மன்னரை இழந்த காலத்துப் பாடிய கையறுநிலைச் செய்யுட்களை வகுப்பில் வியந்து படிக்கின்றோம். மன்னனுக்குரிய கையறுநிலையை மூட்டை சுமப்பானுக்கும் உரியதாக்கியது கானா என்று கூறின் அது மிகையாகாது.

இனி, கானாவிடத்துக் குறைகளே இல்லை என்று யாம் கூற வரவில்லை. பெண்டிரை இழித்துப் பாடுவனவும், ஒரு கல்லூரி மாணவர் மற்றொரு கல்லூரி மாணவரைப் பகைமைக்கு அழைப்பனவும் உள. இரயில் நிலையங்களில் மாணவர் கைகலந்த செய்திகளைச் செய்தித்தாள்களில் பலகாலும் படித்திருக்கின்றோம். ஆயின், தீய பாட்டு உளதாதலால் பாட்டின் வடிவமே தீயதென்று துணிதல் முறையாகுமோ? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே யாம் கூறப்புகுந்த பாடற்குழு.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

குழுவின் வரலாற்றிற்குச் செல்லுமுன், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் இசையைச் சிறிது நோக்குதல் நலம். அடிமை நிலையினின்று விடுதலை பெற்றோரின் கல்விக்காக 1866-ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் பிஸ்க் என்னும் மிஷன் பள்ளி திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது கடனில் மூழ்கியது. அதன் பொருளாளரும் இசையாசிரியருமாகிய ஜார்ஜ் ஒயிட் என்பார், 1871-இல் ஒன்பது மாணவரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடிப் பொருளீட்டப் புறப்பட்டார். முதலில் அம்மாணவர் வெள்ளையர் விரும்பும் பாடல்களையே பாடினர். தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்தபோது பாடிய பாடல்களைப் பிறர் முன்னிலையில் பாட அவர்கள் நாணினர். அவை புனிதமானவை என்றும், அடிமைத்தனத்தின் வடுவைத் தாங்கியவை என்றும் எண்ணினர். ஆனால், அப்பாடல்களே கேட்டோர் உள்ளத்தை உருக்கின. 1873-இல் அவர்கள் விக்டோரியா அரசியாரின் முன்னும் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கின்றது. விடுதலையாண்டு என்று திருமறை கூறும் யூபிலி ஆண்டினின்றே அக்குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது.

அதன்பின் பல்லாண்டுகள் கழிந்து, பால்டிமோர், நியூயார்க் முதலிய நகரங்களின் தெருமுனைகளில் நால்வரும் ஐவருமாகக் கூடிய கறுப்பின இளைஞர் கருவியின்றியே பாடத் தொடங்கினர். ஒருவன் பாட, மற்றையோர் தம் குரலாலேயே முழவும் நரம்பும் ஒலிப்பதுபோல் ஒலித்துத் துணைசெய்வர். அவர்தம் இசைத்தட்டுகளை வணிகர் நெடுங்காலம் 'இனத் தட்டுகள்' என்று பிரித்தே விற்றனர். 1949-இல் பில்போர்டு என்னும் இதழ் அப்பெயரை நீக்கி, 'ரிதம் அண்டு புளூஸ்' என்னும் பெயரை வழங்கிற்று. பெயர் மாறியும் இழிவு முற்றும் நீங்கிற்றில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தோன்றிய கார்ட்ஸ் என்னும் சிறு குழு, 1954-இல் 'ஷ்-பூம்' என்னும் பாட்டை வெளியிட்டது. அது பரவத் தொடங்கிய அவ்வாண்டிலேயே, டொராண்டோவைச் சேர்ந்த குரூ-கட்ஸ் என்னும் வெள்ளையர் குழு அப்பாட்டையே பாடி முதலிடத்தைப் பெற்றது. கார்ட்ஸ் குழுவினரோ, வேறொரு குழுவுக்கு அப்பெயர் முன்னரே உரியதாயிருந்தமையின், தம் பெயரையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பாட்டு வாழ்ந்தது, பாடியவரைப் பலரும் மறந்தனர். இதனை நேயர் நினைவிற் கொள்க.

குழுவின் தோற்றம்

நம் திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடியை அடுத்துக் கர்லப்பாக்கம் என்றோர் ஊர் உளது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவ்வூரில் தோன்றியவர். 2012-இல் வெளிவந்த 'அட்டகத்தி' என்னும் தம் முதற்படத்தில் புறநகர் இளைஞரின் வாழ்வையும் அவர்தம் கானாவையும் அவர் காட்டினார். அதன்பின், 2017-ஆம் ஆண்டில், தம் நீலம் பண்பாட்டு மையத்தின் வாயிலாகவும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் என்னும் அமைப்பை நிறுவிய இசைஞர் தென்மாவின் துணைகொண்டும், ஒரு பாடற்குழுவை அமைக்க முற்பட்டார். பாடகரும் கருவி இசைப்போருமாகப் பலரைப் பாடச் செய்தும் இசைக்கச் செய்தும் தேர்ந்தனர். அவ்வாறு அமைந்த குழுவில் 19 பேர் இருந்தனர். கானாப் பாடகரும், சொல்லிசைப் பாடகரும், பறை முதலியன முழக்குவோரும், கிதார் இசைப்போரும் அதில் ஒருங்கு கூடினர்.

குழுவிற்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயரிட்டனர். சாதியற்றோர் கூட்டம் என்பது அதன் பொருள். இப்பெயர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரினின்று பிறந்தது. பண்டிதர் சித்த மருத்துவர். தமிழ், வடமொழி, பாலி ஆகிய மொழிகளில் பயிற்சியுடையவர். 1907-ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, மறுவாண்டு முதல் 'தமிழன்' என்னும் பெயரால் நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் தொல்லோராகிய தமிழரே என்றும், அவர்க்குச் சாதி என்பது பிறரால் சுமத்தப்பட்டது என்றும் அவர் வற்புறுத்தி எழுதினார். பிறர் இட்ட பெயரை மறுத்துத் தாமே தமக்குப் பெயரிடுதல் எத்துணைப் பெருஞ்செயல் என்பதனை ஒரு நூற்றாண்டின்பின் இப்பாடற்குழு உணர்ந்தது.

1918-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் தமிழிசை எத்தனையோ மாறுதல்களைக் கண்டது. சென்னையில் சங்கீத வித்துவ சபை 1928-இல் நிறுவப்பட்டது. அரங்குகளில் தமிழ்ப்பாட்டுக்கு இடமில்லை என்று வருந்தி, அண்ணாமலை அரசர் முதலியோர் முயன்றமையால் 1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழ் அரங்கேறியது. ஆனால், தமிழர் அனைவரும் அரங்கேறினரோ? பறை அரங்கிற்கு வெளியே நின்றது. கானா இடுகாட்டு வழியிலேயே நின்றது.

முதல் மேடை

2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த பெயின்ஸ் பள்ளியின் திடலில் இக்குழுவினர் முதன்முதலாகப் பாடினர். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். நுழைவுக் கட்டணம் இல்லை. பாடினோர் அனைவரும் ஒரே வகையான மேற்சட்டை அணிந்திருந்தனர். இஃது ஒரு சிறு செய்தியே எனினும் பொருள் பொதிந்தது. கானாப் பாடகன் கந்தலோடு வரவேண்டும் என்று எதிர்பார்த்த கண்களுக்கு அது விடையாயிற்று.

மேடையில் பறை, சட்டி, டோலக் ஆகியவற்றோடு மேனாட்டு முழவும் கிதாரும் ஒலித்தன. பறையின் அமைப்பை நம்மவருட் பலர் அருகிருந்து கண்டதில்லை. மரச்சட்டத்தின்மீது மாட்டுத்தோலைப் போர்த்து அமைப்பது அது. முழக்குமுன் தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவர். ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சியும், மற்றொரு கையில் குறுகித் தடித்த குச்சியும் கொண்டு முழக்குவர். மெல்லிய குச்சி விரைந்த கூர்மையான ஒலியையும், தடித்த குச்சி ஆழ்ந்த ஒலியையும் தரும். தோல் குளிர்ந்தால் ஒலி தாழும். மீண்டும் தீயை நாடவேண்டும். அதனால் பறை முழங்கும் இடத்தில் தீயும் அணித்தே இருக்கும்.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்தபோது, தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் சேர்த்தார். பறையின்றி நிலம் முற்றுப்பெறாது என்பதே அவர் கருத்தாதல் வேண்டும். மாங்குடி கிழார் புறநானூற்றுச் செய்யுளொன்றில் சிறந்த குடிகளைக் கூறுங்கால் பறையன், பாணன், துடியன், கடம்பன் ஆகியோரையே கூறினார். தேர்வுக்காக இவற்றை மனப்பாடஞ் செய்யும் நாம், சாவு வீட்டின் வாயிலில் பறை முழங்கக் கேட்குங்கால் அதனை இழிவென்று ஒதுங்கிச் செல்கின்றோம். நூலிலே பறை பெருமை. தெருவிலே பறை சிறுமை. இம்முரண்பாட்டை மேடையேற்றிக் காட்டியதே இக்குழுவின் முதற்பணி என்று யாம் கருதுகின்றோம்.

பாடுபொருளும் புதியது. அண்ணல் அம்பேத்கரைப் போற்றும் பாட்டு, இடஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று விளக்கும் பாட்டு, மாட்டிறைச்சி உண்பாரை இழித்துரைத்தலை எதிர்க்கும் பாட்டு ஆகியன அவற்றுட் சில. இவை சினத்தால் மட்டும் அமைந்தனவல்ல. கானாவிற்கே உரிய நகையும் அவற்றில் உண்டு. எதிரியை நோக்கி வாளோங்குவதினும், அவனையும் சிரிக்கச்செய்து சிந்திக்கச்செய்தல் அரிதன்றோ?

இருவர்

குழுவினருள் இருவரைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். இசைவாணி என்பார் இராயபுரத்தைச் சேர்ந்தவர். இசைஞர் ஒருவரின் மகளார். கானா ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. நள்ளிரவிற் பிணத்தருகே பாடும் பாட்டிற்குப் பெண் எங்ஙனம் செல்வாள் என்பது உலகோர் கேள்வி. அக்கேள்வியைக் கடந்து அவர் பாடினார். பி.பி.சி. நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் உலகப் பெண்மணிகள் நூற்றுவரைத் தொகுத்து வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. பெண்டிரை இழிக்கும் பாட்டென்று கானாவைப் பழிப்பார்க்கு, பெண்ணொருத்தி அதே கானாவைப் பாடியதினும் சிறந்த மறுமொழி உண்டோ?

மற்றையவர் அறிவு. இவர் நம் மாவட்டத்தை அடுத்த அரக்கோணத்தில் வளர்ந்தவர், சொல்லிசையில் வல்லவர். இவர்தம் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ஆம் ஆண்டில் இந்திய இலங்கைப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கையால், அத்தோட்டங்களில் உழைத்த தமிழர் இலட்சக்கணக்கில் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். தாம் நட்ட செடிகளைத் தமதென்று கூற அவர்க்கு உரிமையில்லை. அப்பாட்டியாரின் கதையினின்று அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாட்டு 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்து, கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. சந்தோஷ் நாராயணனும் தீ என்னும் பாடகியும் அதில் அவரோடு இணைந்திருந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைக் குறிப்பிட்டு அட்டைப்படம் வெளியிட்டது. அதில் பாட்டை எழுதிப் பாடிய அறிவின் உருவம் இல்லை. இரஞ்சித் இதனை வெளிப்படையாக வினவினார். பலரும் வருந்தி எழுதினர். பின்னர் அவ்விதழ் அறிவின் உருவந்தாங்கிய மற்றோர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது. 1954-இல் கார்ட்ஸ் குழுவினர்க்கு நேர்ந்ததனை ஈண்டு நேயர் நினைவுகூர்வர். இரண்டும் ஒன்றே என்று யாம் கூறவில்லை. பாட்டு ஊர்ப்பொதுவாகும்போது பாடியவன் பெயர் மறைந்துபோதல் எங்கும் எளிதில் நிகழ்வது என்பதே எம் கருத்து. கார்ட்ஸ் குழுவினர்க்காகக் கேட்ட குரல் அந்நாளில் உலகை எட்டவில்லை. அறிவுக்காகக் கேட்ட குரலோ சின்னாளில் பயன் தந்தது. அம்மட்டில் உலகம் முன்னேறியுளது.

மார்கழியில் மக்களிசை

மார்கழி மாதம் சென்னைச் சபாக்களின் இசைப்பருவம் என்பது யாவரும் அறிந்தது. அதே பருவத்தில், 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கினர். கானாவும், ஒப்பாரியும், பறையாட்டமும், பிற நாட்டார் கலைகளும் அவ்விழாவில் இடம்பெற்றன. மறுவாண்டு அது மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்றது. மாதத்திற்கு உரிமையாளர் எவருமிலர் என்பதனை அவ்விழா அமைதியாகவே அறிவுறுத்திற்று.

தடைகளும் விடைகளும்

இக்குழுவை நோக்கிச் சிலர் மூன்று தடைகளை எழுப்புவர். முதலாவது, இசை இன்பத்திற்குரியது; வழக்காடுதற்கு உரியதன்று என்பது. அங்ஙனமாயின், ஆற்றுப்படைகள் வறுமையைப் பாடியது என்னை? திருமறையின் சங்கீதங்கள் பல முறையீடுகளாய் அமைந்தது என்னை? துன்பத்தைக் கூறாத இசை நிறைந்த இசையாகாது.

இரண்டாவது, இஃது இலக்கணமற்ற கொச்சைத்தமிழ் என்பது. கானாவின் சொற்கள் நூல்வழக்கல்ல என்பது மெய்யே. ஆயினும், உலக வழக்கும் செய்யுள் வழக்கும் ஆகிய இரண்டனையும் நோக்கியே தொல்காப்பியம் செய்யப்பட்டதென்று பாயிரத்தில் அறிகின்றோம். உலக வழக்கைக் கேளாதவன் இலக்கணத்தின் பாதியையே கற்றவனாவான்.

மூன்றாவது, சாதியைப் பாடுதல் சாதியை வளர்க்கும் என்பது. நோயைக் கூறாது மருந்து பெறுதல் எங்ஙனம்? நம் திருச்சபைகளும் இந்நோய்க்குப் புறம்பல்ல என்பதனை நாணத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கருநாடக இசையில் அமைத்த கீர்த்தனைகளை நாம் பெருமையோடு பாடுகின்றோம்; அது தக்கதே. ஆனால், மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத்தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை இயற்றியபோது, அவை ஆலயத்திற்குத் தகுமோ என்று ஐயுற்றார் இருந்தனர். ஏழையின் நாவில் இயல்பாய் எழும் இசையை ஆண்டவர் கேளாரென்று எண்ணுவது எத்துணைப் பேதைமை!

முடிவுரை

கானா நம் வாயிலிலேயே உள்ளது. ஏட்டிலேறாத அப்பாட்டுகளைப் பாடும் முதியோர் ஆண்டுதோறும் மறைகின்றனர். நம் மாவட்டத்து வயல்களில் நடவு நடுவாரும், ஏரிக்கரைகளிலும் செங்கற்சூளைகளிலும் வாழும் இருளரும் பாடும் பாடல்களும் அங்ஙனமே. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடியிராவிடின் சங்கச் செய்யுட்களை நாம் அறிந்திருப்போமோ? ஓலையிலுள்ளதனை அவர் காத்தார். ஓசையிலுள்ளதனைக் காக்கவேண்டிய கடன் நம்முடையது. அவர்க்கு இல்லாத ஒலிப்பதிவுக் கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உளது.

ஆதலின், நம் தமிழ் மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் ஊரில் வழங்கும் ஒரு பாட்டையேனும் பதிந்து வருவாராக. அதனோடு, பாடியவர் பெயரையும், ஊரையும், அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பதனையும், அவர்தம் இசைவு பெற்றுத் தவறாது குறித்து வருவாராக. பாட்டு நிலைத்தும் பாடியவர் பெயர் நில்லாது போன குறையை மேலே கண்டோம். அக்குறை நம் கையால் நேரலாகாது. அடுத்த ஆண்டு மலரில், பாடினோர் பெயர்களோடு அப்பாடல்கள் அச்சேறுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றவராவோம்.